லைன்: ஒரே ஆங்கிலச் சொல்லின் பல அர்த்தங்களை லயத்து வாசலிலிருந்து கற்க ஒரு முழு வழிகாட்டி

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், ஒரு நாள் மாலை கைப்பேசியோடு என் வீட்டுக்கு வந்தான். திரையில் ஆங்கிலத்தில் ஒரு படிவம். முகவரி கேட்கும் இடத்தில் 'அட்ரஸ் லைன் 1', அதற்குக் கீழே 'அட்ரஸ் லைன் 2' என்று இருந்தது. "டீச்சர், எங்க வீடு ஏழாம் நம்பர் லயம். இதுல ஒண்ணும் ரெண்டும்தான் இருக்கு, ஏழு இல்லையே. எதுல எழுதுறது?" என்று கேட்டான்.

அவன் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்களின் வரிசை வீட்டை லயம் என்போம், லைன் என்ற சொல்தான் அது. ஆகவே பிறந்ததிலிருந்து அவனுக்கு லைன் என்றால் வீடுதான். படிவத்தை எழுதியவருக்கு லைன் என்றால் காகிதத்தில் ஒரு வரி. 'முகவரியின் முதல் வரி, இரண்டாம் வரி என்றுதான் கேட்கிறார்கள். முதல் வரியில் உன் ஏழாம் நம்பர் லயத்தை எழுது, அடுத்த வரியில் தோட்டத்தின் பெயரை எழுது' என்று சொல்லிக்கொடுத்தேன். அன்று இரவே என் கொப்பியில் இந்தச் சொல்லின் அர்த்தங்களை எழுதத் தொடங்கினேன். நாற்பதைத் தாண்டியும் முடியவில்லை. நாற்பதையும் மனப்பாடம் செய்யச் சொன்னால் எந்தப் பிள்ளையும் ஓடிவிடும். அதற்குத் தேவையும் இல்லை. ஒரு வழி இருக்கிறது. வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் வரிசையிலேயே அதை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: நூலைப் பிடியுங்கள்

லைன் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'லீனியா'. அதற்கு ஆளிச் செடி நாரில் திரித்த நூல், கயிறு என்று பொருள். ஆளிச் செடிக்கு லத்தீனில் 'லீனம்' என்று பெயர். லினன் துணியும், கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் லின்சீட் எண்ணெயும், தரையில் விரிக்கும் லினோலியமும் அந்தச் செடியின் பெயரிலிருந்து வந்தவைதான்.

ஒரு நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடியுங்கள். அது நேராக நிற்கும், ஆகவே கோடு. ஒரு இடத்தை இன்னொரு இடத்தோடு இணைக்கும், ஆகவே தொலைபேசி இணைப்பும் ரயில் பாதையும். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்கும், ஆகவே எல்லை. அதை ஒட்டி ஒன்றன் பின் ஒன்றாக நிற்கலாம், ஆகவே வரிசை. அறுபடாமல் நீண்டுகொண்டே போகும், ஆகவே வம்சம். நேர், இணைப்பு, எல்லை, வரிசை, தொடர்ச்சி: இந்த ஐந்தையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எந்த வாக்கியத்தில் லைன் வந்தாலும் பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றில் வந்து நிற்கும்.

இது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. தமிழில் 'நூல்' என்றால் இழையும்தான், புத்தகமும்தான். மரத்தின் கோணலைக் காணத் தச்சர் பிடிக்கும் நூலைப் போல மனதின் கோணலைத் தீர்ப்பது புத்தகம் என்று பழைய இலக்கணக்காரர்களே விளக்கியிருக்கிறார்கள்.

இன்னும் நெருக்கமான ஒரு தமிழ்ச் சொல் 'கொடி'. லயத்து முன்னால் உடுப்புக் காயப்போடுவது கொடி. தாயையும் பிள்ளையையும் இணைப்பது தொப்புள் கொடி. கழுத்தில் தாலிக்கொடி. தாத்தா, அப்பா, நான் என்று இறங்கி வருவது கொடிவழி. படர்கிற செடியும் கொடி. இத்தனை அர்த்தத்தையும் நமக்கு யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை. ஏதோ ஒன்று நீண்டு போய் இன்னொன்றைத் தொடுகிறது என்ற ஒரு படம் மனதில் இருந்தது, மற்றதெல்லாம் தானாக வந்தது. ஆங்கிலப் பிள்ளைக்கு லைன் அப்படித்தான் வருகிறது. உடுப்புக் கொடிக்கு ஆங்கிலத்தில் 'க்ளோத்ஸ்லைன்' என்பதையும் இங்கேயே கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: நம் வீட்டில் இருக்கும் லைனை அறிந்துகொள்ளுங்கள்

இதை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போக எனக்கு மனம் வராது. லயம், லயன் என்று நாம் சொல்வது இந்தச் சொல்லைத்தான். பிரித்தானிய ஆட்சிக்காலத்து இந்தியாவில் படைவீரர்கள் தங்கும் நீண்ட கொட்டில் வரிசைகளை 'லைன்ஸ்' என்று அழைத்தார்கள். இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியபோது, தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை அறைகளுக்கும் அதே பெயரை வைத்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். அதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, லயம் வந்துவிட்டது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் 'பிரட்டு' என்ற சொல்லும் ஆங்கிலப் 'பரேட்'டின் வழியில் வந்ததுதான். இரண்டுமே படைமுகாம்களின் சொற்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

டெல்லியிலும் நாக்பூரிலும் இன்றும் 'சிவில் லைன்ஸ்' என்ற பகுதிகள் இருக்கின்றன. அவை வெள்ளைக்கார அதிகாரிகள் தோட்டமும் முற்றமுமாக வாழ்ந்த பங்களா வரிசைகள். அதே லைன் இங்கே பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அறையும் ஒரு முன் திண்ணையும். சொல் ஒன்றுதான். யாருக்காகக் கட்டினார்கள் என்பதைப் பொறுத்து அதற்குள் இருக்கும் வாழ்க்கை மாறிவிட்டது.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, 'லயன்' என்று தமிழில் எழுதினால் வெளியூர் வாசகர் சிங்கம் என்று படித்துவிடலாம், ஏனென்றால் சிங்கத்தின் ஆங்கிலப் பெயரையும் தமிழில் அப்படித்தான் எழுதுகிறோம். ஆங்கில உச்சரிப்பில் சிங்கத்துக்கு 'ல-யன்' என்று இரண்டு அசை, நம்முடையதற்கு 'லைன்' என்று ஒரே அசை. வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இரண்டாவது, தாளத்தோடு பேசப்படும் 'லயம்' வேறு சொல். அது வடமொழியிலிருந்து வந்தது.

ஆங்கிலத்தில் உங்கள் வீட்டைப் பற்றி எழுதும்போது 'ஐ லிவ் இன் அ லைன்' என்று மட்டும் எழுதினால் இங்கிலாந்துக்காரருக்கு விளங்காது. 'லைன் ரூம்' அல்லது 'லைன் ஹவுஸ்' என்று எழுதி, தோட்டத்து வரிசை வீடு என்று ஒரு சின்ன விளக்கமும் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பெயரா, வினையா என்று பாருங்கள்

லைன் பெரும்பாலும் பெயர்ச்சொல்லாக வரும். வினையாக வந்தால் வேலை இரண்டாகப் பிரியும்.

முதலாவது, வரிசையில் நிற்பது. 'பீப்பிள் லைன்ட் த ரோட்' என்றால் மக்கள் வீதியின் இருமருங்கிலும் நின்றார்கள். தேர் வரும்போது நம் ஊரில் நிற்போமே, அதுதான். 'லைன் அப்' என்றால் வரிசையாக நில்லுங்கள், அல்லது வரிசையாக நிறுத்துங்கள்.

இரண்டாவதுதான் பிள்ளைகளை அதிகம் குழப்புவது. 'லைன்' என்ற வினைக்கு உட்பக்கத்தில் ஒரு படலம் கொடுப்பது என்றும் பொருள். சட்டையின் உள்ளே லினன் துணி வைத்துத் தைத்ததால் வந்தது. இதுவும் அதே ஆளிச் செடியிலிருந்துதான் வருகிறது, ஆனால் நூல் வழியாக வராமல் துணி வழியாக வந்த கிளை.

என் தாத்தா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பெட்டி அடித்தவர். எங்கள் வீட்டில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி இருந்தது, அம்மா அதில் கம்பளிகளை மடித்து வைப்பார். மூடியைத் திறந்தால் உள்ளே நாலு பக்கமும் வெள்ளித்தாள் பளபளக்கும். மூலைகளில் மட்டும் அது சுருண்டு, அடியிலிருக்கும் பலகை தெரியும். எத்தனை வருடமானாலும் தேயிலை வாசம் போகவில்லை. ஈரம் ஏறித் தூள் கெட்டுப்போகாமல் இருக்கத்தான் அந்தத் தாள். ஆரம்பத்தில் ஈயத்தாள் வைத்தார்கள், பிற்காலத்தில் அலுமினியத்தாள். 'த செஸ்ட் வோஸ் லைன்ட் வித் ஃபொயில்' என்று பாடப்புத்தகத்தில் பார்த்து, பெட்டியின் மேல் கோடு போட்டிருந்ததாக மொழிபெயர்த்த பிள்ளைக்கு, நான் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாருக்கும் இந்த வினை மறக்கவில்லை.

'சில்வர் லைனிங்' என்பதையும் இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். கறுத்த மேகத்துக்கும் உள்பக்கத்தில் வெள்ளித்துணி தைத்திருக்கிறது என்ற படம். 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர் மில்டன் தந்த படம் அது. கஷ்டத்துக்குள் இருக்கும் ஒரு நல்ல பக்கம் என்ற பொருளில் இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். 'லைன் ஹிஸ் பொக்கெட்ஸ்' என்றால் பையின் உள்பக்கத்தைப் பணத்தால் நிரப்புவது, அதாவது முறைகேடாகச் சம்பாதிப்பது.

நான்காம் படி: முன்னால் நிற்கும் சின்னச் சொல்லைக் கவனியுங்கள்

அர்த்தத்தைத் திருப்பும் சாவி பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பரீட்சையிலும் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

'ஆன் த லைன்' மூன்று விதமாக வரும். உடுப்பைப் பற்றிப் பேசினால் கொடியில். தொலைபேசியைப் பற்றிப் பேசினால் இணைப்பில் இருக்கிறார். வேலை, மானம், உயிர் என்று பெரிய விஷயத்தைப் பற்றிப் பேசினால் அது பறிபோகும் நிலையில் இருக்கிறது. 'ஹெர் ஜொப் இஸ் ஆன் த லைன்' என்று பார்த்தவுடன் அவர் தொலைபேசி நிலையத்தில் வேலை செய்கிறார் என்று எழுதிவிடாதீர்கள். அவருக்கு வேலை போகலாம் என்ற நிலை என்று எழுதுங்கள்.

'இன் லைன்' என்றால் வரிசையில். 2022 இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் நின்றோமே, அதை அமெரிக்கர் 'ஸ்டேண்டிங் இன் லைன்' என்பார். பிரித்தானியர் அதற்குக் 'கியூ' என்பார். இலங்கையில் நாம் படிப்பது பிரித்தானிய வழக்கு, ஆகவே விடைத்தாளில் கியூ என்றே எழுதுங்கள். 'இன் லைன் வித்' என்றால் இசைவாக, அமைய. அரசாங்கக் கடிதங்களில் 'சுற்றறிக்கைக்கு அமைய' என்று வருவது இதுதான். 'இன் லைன் ஃபோர்' என்றால் அடுத்து அவருக்குத்தான் கிடைக்கும் போலிருக்கிறது.

'அவுட் ஒஃப் லைன்' என்றால் அளவு மீறிய நடத்தை. மாணவர் அணிவகுப்பில் ஒருவர் மட்டும் வெளியே வந்து நிற்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

'டவுன் த லைன்' பிற்காலத்தில். 'சம்வேர் அலோங் த லைன்' என்றால் இடையில் ஏதோ ஒரு கட்டத்தில். 'அலோங் த லைன்ஸ் ஒஃப்' என்றால் அந்தப் பாங்கில், கிட்டத்தட்ட அப்படி. 'பிட்வீன் த லைன்ஸ்' என்றால் எழுதாமல் விட்டதையும் படிப்பது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன அம்மா 'நான் சுகம்' என்று மட்டும் எழுதிய கடிதத்தைப் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். அதற்கு மேல் இந்தத் தொடருக்கு விளக்கம் தேவையில்லை.

ஐந்தாம் படி: ஒட்டிய சொற்களைப் பிரித்துப் பாருங்கள்

ஹெட்லைன், அண்டர்லைன், அவுட்லைன், கோஸ்ட்லைன், பைப்லைன், டைம்லைன், லைஃப்லைன். முன் பாதியின் பொருள் தெரிந்தால் மீதி தானாக வந்துவிடும், ஆகவே இவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம். இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அவற்றின் கதை தெரியாமல் சொல் விளங்காது.

'டெட்லைன்' என்றால் கடைசித் திகதி. சாவு எங்கிருந்து வந்தது? அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 இல், ஜோர்ஜியாவின் ஆண்டர்சன்வில் கைதிகள் முகாமில் மதிலுக்கு உட்புறமாக ஒரு எல்லை போட்டிருந்தார்கள். அதைத் தாண்டும் கைதியைக் காவலர் சுட்டுவிடுவார். அந்த எல்லையின் பெயர் டெட்லைன். பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்திரிகை அலுவலகங்களில் செய்தி கொடுக்க வேண்டிய கடைசி நேரத்துக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது.

'ஹொட்லைன்' என்றால் அவசர நேரடி இணைப்பு. கியூபா ஏவுகணை நெருக்கடிக்கு அடுத்த வருடம், 1963 இல், வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையில் ஒன்றைப் போட்டார்கள். எல்லாரும் அதைச் சிவப்புத் தொலைபேசி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது எழுத்துகளை அச்சடித்துத் தரும் தந்திக் கருவி.

ஆறாம் படி: இடத்தைப் பார்த்துத் தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே தமிழ்ச் சொல்லை எல்லா இடத்திலும் போடுவதுதான் மொழிபெயர்ப்பில் நான் அதிகம் திருத்தும் பிழை. கொப்பியில் இருந்தால் கோடு. கவிதையிலோ பத்தியிலோ இருந்தால் வரி அல்லது அடி. ஆட்கள் நின்றால் வரிசை. மீன் பிடித்தால் தூண்டில் நரம்பு. மின்சாரம் வந்தால் கம்பி. குடும்பம் என்றால் வழி, பரம்பரை. நாடகத்தில் நடிகர் மறந்துவிட்டால் வசனம். தொழில் பற்றிய பேச்சில் துறை.

தேயிலை மலையில் என்றால் அதற்கு நம்மிடம் தனிச் சொல்லே இருக்கிறது, நிரை. கொழுந்து எடுக்கும் அக்காமார் நிரை பிடித்து மேலே ஏறுகிறார்கள். கன்று வைப்பதற்கு முன் கயிறு பிடித்து, முளை அடித்து இடம் குறிக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் 'லைனிங்' என்றே பெயர். குழி வெட்டுவது அதற்குப் பிறகுதான். சரிவான மலையில் மண் கழுவிப் போகாமல் இருக்கச் சமவுயரக் கோட்டை ஒட்டி நிரை போடுவார்கள். அந்தக் கோட்டுக்கும் 'கொன்டூர் லைன்' என்றுதான் பெயர். கொப்பியில் கோடாகவும், மலையில் நிரையாகவும், இரண்டுக்கும் நடுவில் கயிறாகவும் ஒரே சொல் வருகிறது. முதல் படியில் சொன்ன நூல் இங்கே கண்ணுக்கே தெரிகிறது.

ரயிலில் என்றால் பாதை, தடம். கொழும்பிலிருந்து பதுளை வரை போவது மெயின் லைன். 1885 இல் நானுஓயாவையும் 1924 இல் பதுளையையும் அந்தப் பாதை எட்டியது. பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது, இலங்கையில் வேறெந்த நிலையமும் அவ்வளவு உயரத்தில் இல்லை. மலைநாட்டில் இது ஒற்றைப் பாதை, ஆகவே எதிரில் கோச்சி (ரயில்) வராது என்ற உறுதி கிடைத்த பிறகுதான் புறப்படலாம். அந்த அனுமதிதான் 'லைன் கிளியர்'. ஒரு வேலைக்குத் தடை நீங்கிவிட்டால் "லைன் கிளியர்" என்று நாம் பேச்சில் சொல்வது ரயில் நிலையத்திலிருந்து வந்த வழக்கு.

கிரிக்கெட்டில் வரும் 'லைன் அண்ட் லெங்த்' பற்றிப் பையன்கள் கேட்காமல் விடமாட்டார்கள். லைன் என்றால் பந்து விக்கெட்டுக்கு நேராக வருகிறதா, விலகி வருகிறதா என்ற திசை. லெங்த் என்றால் எவ்வளவு தூரத்தில் குத்துகிறது என்பது. கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தார். சுழல் எவ்வளவு இருந்தாலும் இந்த இரண்டும் கைக்குள் இல்லாமல் அந்த எண்ணிக்கை வந்திருக்காது.

ஏழாம் படி: தமிழ்ப் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகாதவற்றை ஒதுக்குங்கள்

பேச்சுத் தமிழில் 'லைன் அடிக்கிறான்', 'லைன் போடுறான்' என்று சொல்கிறோம். அந்தப் பொருள் ஆங்கிலத்தில் இல்லை. ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுக்கத் தயாராக வைத்திருக்கும் வாசகத்துக்கு 'சாட்-அப் லைன்' என்பார்கள், அவ்வளவுதான். அப்புறம், தமிழ் 'வரி'க்கு எழுத்து வரி, புலியின் உடலில் இருக்கும் வரி, அரசாங்கத்துக்குக் கட்டும் வரி என்று மூன்றும் உண்டு. லைனுக்குக் கடைசிப் பொருள் கிடையாது. புலியின் வரிக்கும் 'ஸ்ட்ரைப்' என்றுதான் சொல்ல வேண்டும்.

எழுத்துப் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'டோ த லைன்' என்பது போட்ட கோட்டில் கால் விரலை வைத்து நிற்பது, அதாவது மேலிடம் சொன்னபடி நடப்பது. அதில் வரும் 'டோ' கால் விரல். கயிறு கட்டி இழுக்கும் 'டோ' வேறு எழுத்து. ஆங்கிலேயரே மாற்றி எழுதிவிடும் இடம் இது, ஆகவே அகராதியைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எட்டாம் படி: பயிற்சி

இந்த ஆறு வாக்கியங்களையும் விடையை மறைத்துவிட்டு முதலில் நீங்களே தமிழில் எழுதுங்கள். 'ஷீ லைன்ட் த பாஸ்கெட் வித் லீவ்ஸ்.' 'த லைன் வோஸ் டவுன் ஆஃப்டர் த ஸ்டோர்ம்.' 'ஹீ கம்ஸ் ஃப்ரொம் அ லோங் லைன் ஒஃப் கார்பென்டர்ஸ்.' 'ட்ரொப் மீ அ லைன்.' 'த வேர்க்கர்ஸ் லைன்ட் அப் நியர் த வேயிங் ஷெட்.' 'ப்ளீஸ் ஹோல்ட் த லைன்.'

விடைகள்: அவர் கூடையின் உட்புறத்தில் இலைகளைப் பரப்பினார். புயலுக்குப் பிறகு இணைப்பு அறுந்திருந்தது. அவர் பரம்பரைத் தச்சர். எனக்கு இரண்டு வரி எழுதிப் போடு. தொழிலாளர்கள் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். தயவுசெய்து இணைப்பிலேயே இருங்கள்.

நான்காவதில் 'எனக்கு ஒரு கோட்டைக் கீழே போடு' என்று எழுதியிருந்தால் ஆறாம் படிக்குத் திரும்பிப் போங்கள். ஆங்கிலம் ஒரு வரி என்கிறது, தமிழ் வழக்கு இரண்டு வரி என்கிறது. அப்படியே விடுங்கள்.

அப்புறம் ஒரு வாரத்துக்குத் தினமும் மாலையில் ஒரு பத்து நிமிடம் லயத்து வாசலில் நின்று பாருங்கள். உடுப்புக் கொடி, தலைக்கு மேல் மின்கம்பி, தண்ணீர்க் குழாயில் குடங்களின் வரிசை, எதிர் மலையில் நிரை, பாட்டி நெற்றியில் சுருக்கம், தங்கச்சியின் கொப்பியில் கோடு, தூரத்தில் கோச்சிப் பாதை. ஒரு நாளைக்கு ஒன்று என்று எடுத்து, அந்தப் பொருள் வருமாறு லைன் என்ற சொல்லோடு ஒரு ஆங்கில வாக்கியம் எழுதுங்கள். ஏழாம் நாள் எல்லாவற்றையும் சத்தமாக வாசித்து, உங்கள் ஆங்கில ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.